கூட்டினால் வராத அளவு: சி மொழி கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு சி மொழியை அறிமுகம் செய்துவைப்பவர்கள் நீங்கள். நான் மீட்டர், சென்சார் போன்ற சிறு கருவிகளுக்குள் ஓடும் நிரல்களை எழுதுகிறவன். உங்களிடம் படித்துவிட்டு வருகிறவர்களோடுதான் என் அன்றாட வேலை. அவர்களிடம் உழைப்புக்கும் ஆர்வத்துக்கும் குறைவில்லை. ஆனால் ஒரு கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதில் மட்டும் ஆண்டுதோறும் என்னை வருத்தப்பட வைக்கிறது. அதைப் பற்றி உங்களிடம்தான் பேச வேண்டும் என்று தோன்றியது.

கேள்வி எளிது. ஒரு ஸ்ட்ரக்சருக்குள் ஒரு கேரக்டரும் ஒரு இன்டிஜரும் இருக்கின்றன. அந்த ஸ்ட்ரக்சரின் அளவு எவ்வளவு? "ஒன்றும் நான்கும் ஐந்து" என்பார்கள் சிலர். "ஒன்றும் இரண்டும் மூன்று" என்பார்கள் வேறு சிலர். இரு தரப்பும் மனப்பாடம் செய்திருப்பது ஒரே விதியை: உறுப்புகளின் அளவுகளைக் கூட்டினால் ஸ்ட்ரக்சரின் அளவு வந்துவிடும். ஸ்ட்ரக்சருக்கும் யூனியனுக்கும் உள்ள வேறுபாட்டை எழுதச் சொல்லும் தேர்வுக் கேள்விக்கு இந்த வரியை எழுதினால் மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது.

சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சி, பிரையன் கெர்னிகனோடு சேர்ந்து எழுதிய பாடநூல் உங்கள் நூலகங்களிலெல்லாம் இருக்கும். அதன் 1988ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில், ஸ்ட்ரக்சர் அத்தியாயத்திலேயே, அளவைக் கூட்டிப் போட்டுவிடாதீர்கள் என்று எச்சரித்திருக்கிறார்கள். கேரக்டர் ஒரு பைட், இன்டிஜர் நான்கு பைட் என்றாலும் மொத்தம் ஐந்துக்குப் பதில் எட்டாக இருக்கக்கூடும், நடுவில் பெயரற்ற ஓட்டைகள் விழும் என்று இதே உதாரணத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

'மூன்று' என்ற விடை எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். 1990களின் தொடக்கத்தில் போர்லாண்ட் வெளியிட்ட டர்போ சி++ 3.0 இன்னமும் சில ஆய்வகங்களில் டாஸ்பாக்ஸுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அது 16 பிட் கம்பைலர். அதில் இன்டிஜருக்கு 2 பைட். நாமாக மாற்றச் சொல்லாதவரை உறுப்புகளை இடைவெளியின்றி ஒட்டித்தான் வைக்கும். 8086 பிராசஸர் ஒற்றைப்படை முகவரியிலிருந்தும் ஒரு 16 பிட் எண்ணைப் படித்துவிடும். கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். நிரல்களுக்குக் கிடைத்த நினைவகமே 640 கிலோபைட்டுக்குள் அடங்கிய அந்தக் காலத்தில் நேரத்தைவிட இடத்தைப் பெரிதாக நினைத்ததில் தவறில்லை. ஆகவே அந்தக் கம்பைலரில் கூட்டல் கணக்கு பொருந்தியது. ஒரு கம்பைலரின் பழக்கம் நம் வகுப்பறையில் மொழியின் விதியாகிவிட்டது.

மொழியின் விதி மிகக் குறைவாகவே வாக்குக் கொடுக்கிறது. 1989இல் அமெரிக்காவிலும் மறு ஆண்டு உலக அளவிலும் ஏற்கப்பட்ட சி தரவரையறையின்படி, உறுப்புகள் நாம் அறிவித்த வரிசையிலேயே ஏறுமுகமான முகவரிகளில் அமையும். முதல் உறுப்புக்கு முன்னால் காலி இடம் இருக்காது. நடுவிலும் கடைசியிலும் பெயரற்ற பைட்டுகள் இருக்கலாம். அந்த பேடிங் எத்தனை பைட், எந்த இடத்தில் என்பதைக் கம்பைலரின் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள். கம்பைலரும் மனம்போனபடி செய்வதில்லை. எந்த பிராசஸருக்காக, எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்துக்காக அது நிரலை மாற்றித் தருகிறதோ, அந்தத் தளத்துக்கென்று எழுதிவைத்த ஏபிஐ (ABI) ஆவணத்தைப் பின்பற்றுகிறது. ஒவ்வொரு வகை எண்ணும் எந்த முகவரியில் தொடங்கலாம், ஸ்ட்ரக்சரை ஃபங்ஷனுக்கு எப்படிக் கொடுப்பது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். தனித்தனி கம்பைலர்களில் உருவான இரண்டு ஆப்ஜெக்ட் ஃபைல்கள் ஒன்றாகச் சேர்ந்து ஓட முடிவது அந்த ஒப்பந்தத்தால்தான்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லக் கரும்பலகையில் ஒரு வரிசைப் பெட்டிகள் போதும். கேரக்டர், இன்டிஜர், மறுபடி கேரக்டர் என்ற மூன்று உறுப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய லேப்டாப்பில் இன்டிஜர் 4ஆல் வகுபடும் முகவரியில்தான் தொடங்கும். ஆகவே முதல் கேரக்டர் 0ஆவது பைட்டில், அடுத்து 3 பைட் காலி, இன்டிஜர் 4 முதல் 7 வரை, கடைசிக் கேரக்டர் 8இல். ஒன்பது பைட்டோடு முடிந்துவிடாது. இதே ஸ்ட்ரக்சரை ஓர் அரேயாக அடுக்கினால் இரண்டாவதன் இன்டிஜரும் 4ஆல் வகுபடும் இடத்தில் விழ வேண்டுமே! அதற்காகக் கடைசியிலும் 3 பைட் சேர்கிறது. மொத்தம் 12. இன்டிஜரை முன்னால் வைத்து, இரண்டு கேரக்டர்களையும் அடுத்தடுத்து வைத்தால் 8. சேமிக்கும் தகவல் மாறவில்லை. அறிவித்த வரிசை மாறியதில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். பெரிய உறுப்பு முதலில், சிறியது பிறகு என்ற பழக்கம் இந்தக் கணக்கிலிருந்தே வருகிறது. சி கம்பைலர் நமக்காக வரிசையை மாற்றித் தராது. தரவரையறை அதை அனுமதிக்கவில்லை. ரஸ்ட் மொழியின் கம்பைலர் 2017இல் வந்த 1.18 பதிப்பிலிருந்து தானே மாற்றி அடுக்குகிறது. சி மொழியின் வரிசை வேண்டுமென்றால் அங்கே தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

ஏன் இந்த அலைன்மெண்ட் கட்டாயம் என்ற கேள்வி வகுப்பில் வந்தே தீரும். வர வேண்டும். பிராசஸர் நினைவகத்தைப் பைட் பைட்டாக எடுப்பதில்லை. 4, 8 என்று கற்றையாக எடுக்கிறது. ஓர் எண் இரண்டு கற்றைகளில் பாதி பாதியாகக் கிடந்தால் இரண்டு முறை எடுத்து ஒட்ட வேண்டும். அந்த வேலையைச் செய்யும் சர்க்யூட்டைச் சில பிராசஸர்களில் வைத்தார்கள், பலவற்றில் வைக்கவில்லை. யூனிக்ஸும் சி மொழியும் வளர்ந்த பிடிபி-11 இயந்திரத்தில் ஒற்றைப்படை முகவரியிலிருந்து ஒரு வேர்டை எடுக்கப் பார்த்தால் நிரல் நின்றுவிடும். மோட்டோரோலா 68000, ஸ்பார்க், மிப்ஸ் எல்லாம் அதே கட்சி. பழைய ஆர்ம் பிராசஸர்கள் செய்தது இதைவிட மோசம். ஐந்தாம் தலைமுறை வரையிலான பல ஆர்ம் சிப்புகளில் தவறான முகவரியிலிருந்து 32 பிட் எண்ணைப் படித்தால் பிழை என்றே சொல்லாது. பைட்டுகளைச் சுழற்றி வேறொரு எண்ணைக் கையில் கொடுக்கும். நிரல் நின்றுவிட்டால் தேடிப் பிடித்துவிடலாம். தவறான எண்ணோடு தொடர்ந்து ஓடும் நிரலில் பிழையைத் தேடுவது கொடுமை.

இதுவரை சொன்னதை பிராசஸரின் குணம் என்று எடுத்துக்கொண்டால் பாதி உண்மைதான் கைக்கு வரும். மாணவர்களுக்கு நான் அவசியம் காட்ட விரும்புவது அடுத்த பாதியை.

ஒரு கேரக்டர், அதற்கு அடுத்து ஒரு டபுள். 32 பிட் இன்டெல் பிராசஸர். லினக்ஸில் இதன் அளவு 12 பைட். அங்குள்ள ஏபிஐ, ஸ்ட்ரக்சருக்குள் இருக்கும் டபுளுக்கு 4ஆல் வகுபடும் முகவரி போதும் என்கிறது. அதே பிராசஸரில் விண்டோஸின் கம்பைலர் 8ஆல் வகுபட வேண்டும் என்கிறது. அளவு 16 ஆகிவிடுகிறது. சிப் ஒன்றே, நிரலும் ஒன்றே. 68000 குடும்பத்து லினக்ஸில் இன்டிஜருக்கு 2ஆல் வகுபட்டாலே போதும் என்பதால் கேரக்டரும் இன்டிஜரும் சேர்ந்து 6 பைட். நம் மாணவர்கள் சொல்லும் மூன்றும் இல்லை, ஐந்தும் இல்லை, பாடநூலின் எட்டும் இல்லை. ஆர்ம் லினக்ஸின் பழைய ஏபிஐயில் எந்த ஸ்ட்ரக்சரானாலும் 4இன் மடங்காகத்தான் அமையும். உள்ளே ஒரே ஒரு கேரக்டர் இருந்தாலும் 4 பைட். பிறகு வந்த புதிய ஏபிஐயில் அது 1 பைட்டாகக் குறைந்தது. ஐபிஎம்மின் ஏஐஎக்ஸில் இன்னொரு வினோதம். அங்கே வழக்கமான விதிப்படி டபுள் முதல் உறுப்பாக இருந்தால் 8ஆல் வகுபடும் இடம் வேண்டும். பின்னால் வந்தால் 4ஆல் வகுபட்டால் போதும். ஆகவே இன்டிஜர் முன்னாலும் டபுள் பின்னாலும் இருந்தால் 12, மாற்றி வைத்தால் 16. "பெரியதை முன்னால் வை" என்று சற்று முன் சொன்ன பழக்கமே அங்கே நான்கு பைட்டைக் கூட்டிவிடுகிறது.

உறுப்புகளின் அளவும் நிலையானதில்லை. 64 பிட் லினக்ஸில் லாங் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட். 1999ஆம் ஆண்டுத் தரவரையறையோடு வந்த, பிட் எண்ணிக்கையைப் பெயரிலேயே சொல்லும் இன்டிஜர் வகைகளைப் பயன்படுத்தினால் இந்தக் குழப்பம் தீரும். ஆனால் அவை அளவை மட்டுமே உறுதி செய்கின்றன. 64 பிட் இன்டிஜர் எங்கே போனாலும் 8 பைட்தான். அது தொடங்கும் இடம் 32 பிட் இன்டெல் லினக்ஸில் ஒரு மாதிரி, 32 பிட் ஆர்ம் லினக்ஸில் வேறு மாதிரி. அந்த வகைகளைப் போட்டுவிட்டோம், இனிக் கவலையில்லை என்று நினைப்பவர்கள் அனுபவசாலிகளிலும் உண்டு.

இந்தச் சிக்கல் லினக்ஸ் கர்னலின் மடிக்கே வந்த கதை ஒன்று இருக்கிறது. பல நெட்வொர்க் சர்வர்களில் ஓடிக்கொண்டிருக்கும் ஈபோல் என்ற வசதியில், நிகழ்வுகளைச் சொல்லும் ஒரு சிறு ஸ்ட்ரக்சர் உண்டு. முதலில் 32 பிட் எண் ஒன்று, அடுத்து 64 பிட் தகவல் ஒன்று. 32 பிட் இன்டெல்லில் இது 12 பைட். 64 பிட் இன்டெல்லில் இயல்பாக விட்டால் 16 ஆகிவிடும். ஆனால் 64 பிட் கர்னலின் மேல் பழைய 32 பிட் நிரல்களும் ஓட வேண்டுமே. இரண்டு அமைப்புகளுக்கும் இடையே மாற்றித் தருவதைத் தவிர்க்க, 64 பிட் இன்டெல்லுக்கு மட்டும் அந்த ஸ்ட்ரக்சரைப் பேடிங் இல்லாமல் 12 பைட்டாக நெருக்கிவிட்டார்கள். அந்த முடிவு இன்றுவரை அப்படியே நிற்கிறது. 64 பிட் ஆர்மில் அதே ஸ்ட்ரக்சர் 16 பைட். சி மொழியில் எழுதுகிறவர் ஹெடர் ஃபைலைச் சேர்த்துக்கொண்டால் தப்பிவிடுவார். ரஸ்ட் போன்ற வேறு மொழிகளுக்கு அந்த ஸ்ட்ரக்சரைக் கையால் எழுதிக் கொடுப்பவர்கள், இன்டெல்லுக்கு ஒன்று, மற்றவற்றுக்கு ஒன்று என்று பிரித்து எழுத வேண்டியிருக்கிறது. நினைவக அமைப்பைத் தொழில்நுட்ப நுணுக்கம் என்று ஒதுக்கக் கூடாது என்பதற்கு இது போதுமான சான்று: ஒருமுறை வெளியே போன அமைப்பைத் திரும்ப வாங்க முடியாது.

இதெல்லாம் பெரிய கர்னல்களின் கவலை, முதலாண்டு மாணவருக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் கல்லூரியின் இறுதியாண்டு ப்ராஜெக்ட் அறைக்குப் போய்ப் பாருங்கள். வயலில் ஈரப்பதம் அளக்கும் ஓர் ஆர்டுயினோ யூனோ. அங்கிருந்து தகவலை வாங்கி வைஃபையில் அனுப்ப ஓர் ஈஎஸ்பி32. முடிவில் ஒரு லேப்டாப். சென்சார் எண்ணுக்கு ஒரு கேரக்டர், வெப்பநிலைக்கு ஓர் இன்டிஜர், ஈரப்பதத்துக்கு ஒரு டபுள் என்று ஸ்ட்ரக்சர் ஒன்றை எழுதி, அதன் முகவரியையும் சைஸ்ஆஃப் தந்த அளவையும் சீரியல் போர்ட்டுக்குக் கொடுத்துவிடுகிறார் மாணவர். அந்த யூனோவில் இருப்பது 8 பிட் ஏவிஆர் சிப். அங்கே அலைன்மெண்ட் கிடையாது, இன்டிஜர் 2 பைட், டபுள் 4 பைட். மொத்தம் 7 பைட் புறப்படுகிறது. அதே அறிவிப்பு ஈஎஸ்பி32இல் 16 பைட். வாங்குகிற பக்கம் 16 பைட்டுக்குக் காத்திருந்து, இரண்டு செய்திகளையும் மூன்றாவதன் தொடக்கத்தையும் ஒன்றாக விழுங்கி, வெப்பநிலை என்று ஏதோ ஒரு ராட்சத எண்ணைக் காட்டுகிறது. மாணவர் ஒயரைச் சந்தேகிப்பார், சென்சாரை மாற்றுவார், பாட் ரேட்டைக் குறைத்துப் பார்ப்பார். நிரலில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாததால் அந்தப் பக்கம் அவர் கண் போகாது. வகுப்பில் ஒரு மணி நேரம் இதைக் கேட்டிருந்தால் அந்த வாரம் அவருக்கு மிச்சமாகியிருக்கும்.

ஆய்வகத்துக்கு ஏற்ற பயிற்சி ஒன்றும் கைவசம் உண்டு; பிட்மேப் படம். அந்த ஃபைலின் முதல் ஹெடர் 14 பைட்: வகையைக் குறிக்கும் 2 பைட், ஃபைலின் அளவுக்கு 4, ஒதுக்கிவைத்த இடங்கள் 2 மற்றும் 2, படப்புள்ளிகள் தொடங்கும் இடத்தைச் சொல்லும் 4. இதை ஸ்ட்ரக்சராக எழுதிச் சைஸ்ஆஃப் கேட்டால் 16 என்று வரும். இரண்டாவது உறுப்பு 2ஆவது பைட்டில் தொடங்க வேண்டியது, 4க்குத் தள்ளிப் போய்விடுகிறது. 192க்கு 128 அளவுள்ள 24 பிட் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபைலின் அளவு 73,782 பைட். ஸ்ட்ரக்சருக்குள் நேராகப் படித்துவிட்டு அச்சிட்டால் ஃபைலின் அளவு 1 என்று வரும். புள்ளிகள் தொடங்கும் இடம் 54 என்பதற்குப் பதில் 26,21,440 என்று வரும். இந்த இரண்டு எண்களும் எப்படி வந்தன என்று ஹெக்ஸ் எடிட்டரில் பைட்டுகளைப் பார்த்து விளக்கச் சொல்லுங்கள். 73,782 ஹெக்ஸில் 12036. அதன் மேல்பாதியான 1 மட்டும் தவறிய இடத்தில் அகப்பட்டிருக்கிறது. 54இன் பைட் கைநழுவிப் போய், அடுத்த ஹெடரின் நீளமான 40 அதற்குள் வந்து புகுந்திருக்கிறது. இதைத் தானே கண்டுபிடித்த பிள்ளை பேடிங்கை வாழ்நாளில் மறக்காது. மைக்ரோசாஃப்ட்டின் சொந்த ஹெடர் ஃபைல்களிலேயே இந்த ஸ்ட்ரக்சரைச் சுற்றி, 2 பைட் எல்லைக்கு நெருக்கி வை என்ற கட்டளை இருக்கிறது.

அந்தக் கட்டளையைக் கண்டதும், எல்லாவற்றையும் பேக் செய்துவிட்டால் போயிற்று என்று மாணவர்கள் முடிவுக்கு வருவார்கள். அங்கே அவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். பேக் செய்த ஸ்ட்ரக்சரை அதன் பெயராலேயே தொடும்வரை கம்பைலர் கவனமாக நடந்துகொள்ளும். உள்ளே இருக்கும் ஓர் இன்டிஜரின் முகவரியை எடுத்து வேறொரு ஃபங்ஷனுக்குக் கொடுத்துவிட்டால், அது ஒழுங்கற்ற இடத்தில் இருக்கிறது என்ற செய்தி அங்கே போய்ச் சேராது. கார்டெக்ஸ் எம்4 போர்டில் சோதித்தபோது ஓடிய நிரல், விலை குறைந்த எம்0 போர்டுக்கு மாறியதும் ஹார்ட் ஃபால்ட்டில் போய் நிற்கும். எம்4இலும்கூட ஒரே கட்டளையில் 64 பிட்டைச் சேர்த்து எடுக்கும் இடத்தில் அதே கதிதான். இன்டெல்லில் எதுவும் ஆகாது என்பதும் தவறான நம்பிக்கை. கம்பைலர் ஒரு லூப்பை வேகப்படுத்த எஸ்எஸ்ஈ கட்டளைகளைப் பயன்படுத்தும்போது, 16ஆல் வகுபடும் முகவரியைக் கட்டாயமாக்கும் கட்டளைகள் அதற்குள் உண்டு. ஜிசிசி 2019இல் வந்த 9ஆம் பதிப்பிலிருந்து, பேக் செய்த உறுப்பின் முகவரியை எடுத்தாலே எச்சரிக்கிறது. எச்சரிக்கைகளை அணைத்து வைக்காமல் படிக்கக் கற்றுக்கொடுப்பதும் பாடத்தில் சேர்த்திதான்.

பிட் ஃபீல்டுகளைப் பற்றி நீளமாகப் பேசப் போவதில்லை. எந்தப் பக்கத்திலிருந்து பிட்டுகள் நிரம்பும் என்பதையே தரவரையறை கம்பைலருக்கு விட்டுவிட்டது. லினக்ஸில் ஐபி ஹெடரின் முதல் பைட்டை அறிவிக்கும் இடத்தைப் பாருங்கள். ஒரே இரண்டு உறுப்புகளை எண்டியனுக்கு ஏற்ப முன்பின்னாக இருமுறை எழுதியிருப்பார்கள். மைக்ரோசாஃப்ட் கம்பைலரும் ஜிசிசியும் பிட் ஃபீல்டுகளை அடுக்கும் முறையே வேறு. ஆகவே வெளியே போகும் எந்தத் தகவலுக்கும் பிட் ஃபீல்டு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எந்த பைட் முதலில் என்ற எண்டியன் சண்டையை நீங்கள் ஏற்கெனவே கற்பிக்கிறீர்கள். டேனி கோஹன் 1980 ஏப்ரலில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அந்தச் சண்டைக்கு ஒரு பெயராவது கிடைத்தது. பேடிங்குக்கு அந்தப் புகழ்கூட வாய்க்கவில்லை.

பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறது. பேடிங் பைட்டுகளில் என்ன இருக்கும்? அந்த இடத்தில் முன்பு எது இருந்ததோ அது. கடவுச்சொல்லின் துண்டாக இருக்கலாம், கர்னலின் முகவரியாக இருக்கலாம். உறுப்புகள் எல்லாவற்றையும் ஒழுங்காக நிரப்பிவிட்டு ஸ்ட்ரக்சரை முழுதாக நகலெடுத்து வெளியே அனுப்பும்போது, யாரும் நிரப்பாத அந்தப் பைட்டுகளும் சேர்ந்து போகின்றன. லினக்ஸ் கர்னலில் இப்படிக் கசிந்த தகவல்களுக்காகத் திருத்தங்கள் பலமுறை வந்திருக்கின்றன. முன்கூட்டியே பூஜ்யத்தால் நிரப்பிவிட்டால் நடைமுறையில் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் ஓர் உறுப்பில் மதிப்பை எழுதும்போது பேடிங் பைட்டுகளின் மதிப்புக்கு உத்தரவாதமில்லை என்றே தரவரையறை சொல்கிறது. இதே காரணத்தால்தான் இரண்டு ஸ்ட்ரக்சர்களை மெம்கம்ப் போட்டு ஒப்பிடுவதும் தவறு. எல்லா உறுப்புகளும் ஒன்றாக இருந்தும் வேறு வேறு என்று அது சொல்லிவிடும். ஒரு வங்கி நிரலிலோ மருத்துவக் கருவியிலோ இது நடந்தால் என்ன ஆகும் என்று மாணவர்களையே யோசிக்கச் சொல்லலாம்.

இன்னும் ஒன்று, காலம் தொடர்பானது. 32 பிட்டில் விநாடிகளை எண்ணும் கடிகாரங்கள் 2038 ஜனவரி 19 அன்று நிரம்பி வழியும். தீர்வு 64 பிட்டுக்கு மாறுவதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் நேரத்தைச் சுமக்கும் ஸ்ட்ரக்சர் ஒவ்வொன்றின் அளவும், அதற்குப் பின்னால் வரும் உறுப்புகளின் இடமும் அந்த மாற்றத்தால் நகர்கின்றன. 32 பிட் லினக்ஸுக்கு இந்த வசதியைத் தரும் ஜிலிப்சி என்ற சி லைப்ரரியின் 2.34 பதிப்பு 2021இல் வந்தது. அதன் பிறகு டெபியன் குழுவினர் 32 பிட் ஆர்முக்கான லைப்ரரிகளைப் பெயர் மாற்றி, அவற்றை நம்பியிருந்தவற்றையெல்லாம் மறுபடி கம்பைல் செய்து, 2025இல் வந்த டெபியன் 13இல்தான் அந்த வேலையின் பலனைக் கொண்டுவந்தார்கள். இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு 2038இல் முப்பது வயது ஆகியிருக்கும். பழைய கருவிகளைத் திருத்தும் பொறுப்பு அவர்கள் தலைமுறையிடம்தான் வந்து விழும்.

வெளியே அனுப்பும் தகவலுக்கு வழி என்ன என்பதில் இத்துறையில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. நினைவகத்தில் இருப்பது கம்பைலருக்கும் நமக்கும் உள்ள விஷயம்; ஃபைலிலும் கம்பியிலும் போவது ஊருக்கெல்லாம் பொதுவானது. இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. ஒவ்வொரு எண்ணையும் பைட்டுகளாகப் பிரித்து, எது முதலில் என்று எழுதிவைத்து, அந்த வரிசையில் அனுப்ப வேண்டும். சன் நிறுவனத்தார் 1987இல் எக்ஸ்டிஆர் என்ற முறையை வெளியிட்டபோது செய்தது இதைத்தான். எல்லாம் 4 பைட் கற்றைகள், பெரிய பைட் முதலில். கூகுள் 2008இல் பொதுவுக்குத் திறந்துவிட்ட புரோட்டோகால் பஃபர்ஸும் இதே எண்ணத்தின் வளர்ச்சிதான். முதலாண்டில் இவை எதுவும் வேண்டியதில்லை. ஒரு 32 பிட் எண்ணை ஷிஃப்ட் ஆபரேட்டரால் நான்கு பைட்டாகப் பிரிக்கவும், திரும்பச் சேர்க்கவும் இரண்டு சின்ன ஃபங்ஷன்கள் எழுதத் தெரிந்தால் போதும். எந்தக் கம்பைலரிலும் எந்த பிராசஸரிலும் ஒரே விடை வரும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய பாடத்திட்ட மாற்றம் இல்லை. அதற்கு எத்தனை குழுக்கள் கூட வேண்டும், எத்தனை கையெழுத்து வேண்டும் என்று எனக்குத் தெரியும். உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். ஸ்ட்ரக்சர் பாடத்தில் சைஸ்ஆஃப் சொல்லித்தரும் அன்றே ஆஃப்செட்ஆஃப் என்பதையும் சொல்லித் தாருங்கள். அது 1989இலிருந்தே மொழியோடு இருக்கிறது. ஒவ்வொரு உறுப்பும் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அச்சிட்டுப் பார்க்கட்டும். அதே நிரலை ஆய்வகத்து லினக்ஸிலும், 32 பிட்டாகக் கம்பைல் செய்தும், முடிந்தால் ஓர் ஆர்டுயினோவிலும் ஓட்டி மூன்று விடைகளையும் பதிவேட்டில் அருகருகே எழுதட்டும். பேஹோல் என்ற கருவி இலவசமாகக் கிடைக்கிறது. டீபக் தகவலோடு கம்பைல் செய்த ஃபைலைக் கொடுத்தால் எந்த ஸ்ட்ரக்சரில் எத்தனை ஓட்டை என்று அதுவே வரைந்து காட்டும். அளவு மாறினால் கம்பைல் ஆகும்போதே நிறுத்திவிடும் ஸ்டேட்டிக் அசர்ட் 2011 தரவரையறையிலிருந்து கிடைக்கிறது. ஒரு வரிதான். அந்த ஒரு வரியை எழுதும் பழக்கம் உள்ள புதியவர் எங்களிடம் வேலைக்கு வந்தால், யாரிடம் படித்தார் என்று விசாரிக்கத் தோன்றும்.

தேர்வுத்தாள் திருத்தும்போது, "கூட்டுத்தொகைக்குச் சமம்" என்று எழுதியவருக்கு முழு மதிப்பெண் போடாதீர்கள். "கூட்டுத்தொகைக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கும், அது கம்பைலரையும் தளத்தையும் பொறுத்தது" என்று எழுதியவருக்குப் போடுங்கள். டர்போ சி இருக்கும் கணினிகளில் ஜிசிசியையும் நிறுவுங்கள். அதற்கு உரிமக் கட்டணம் இல்லை, பழைய கணினியிலும் ஓடும். அடுத்த செமஸ்டரில் ஸ்ட்ரக்சர் பாடம் வரும்போது பிட்மேப் பயிற்சியை ஒரே ஒருமுறை ஆய்வகத்தில் நடத்திப் பாருங்கள் என்று உங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மாணவர்களோடு வேலை செய்யும் ஒரு நிரலாளர்